மூத்த பிள்ளை

டொக், டொக் என்று ஒரு சத்தம், சிஸ்டர். ஊர் அடங்கின பிறகு, பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. பல்லி இத்தனை நிதானமாகச் சத்தம் போடாது. திருடன் சத்தமே போடமாட்டான். யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி, விட்டு விட்டு, டொக், டொக். நான் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பக்கத்தில், அதுவரை வீறிட்டு அழுத என் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். இருட்டில். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்?

அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டது புரிகிறது, சிஸ்டர். வாசலில் ஆட்டோ நிற்கிறது. அதில் உங்கள் இல்லத்துப் பிள்ளை பேச்சி உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே வந்து, உன்னை நான் கூட்டிக்கொள்ளப் போவதில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். நானே, என் வாயால். குழந்தைகள் நலக் குழுவில் முடிவாகிவிட்டது, நாளைக் காலையில் அவளை நாகர்கோவில் இல்லத்துக்கு அனுப்புகிறீர்கள். நான் சொல்லாமல் அனுப்பினால் அங்கேயும் ராத்திரியில் சுவர் ஏறிக் குதித்து என்னைத் தேடிக் கிளம்பிவிடுவாள், வழியில் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிறீர்கள். ஐந்து நிமிடம் போதும் என்கிறீர்கள். வரமாட்டேன் என்றா சொன்னேன்? ஆனால் நீங்கள் அந்த இல்லத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பெரிய சிஸ்டர் மாற்றலாகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போனதை வைத்துத்தான் என்னை உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தையும் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். உட்காருங்கள். நாற்காலியில் துணி கிடக்கிறது, தள்ளிவிடுங்கள்.

நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். சிஸ்டர்கள் கையில் வளர்ந்தவள் என்றே சொல்லலாம். அதனால்தான் இல்லத்தில் வேலை என்றதும் யோசிக்காமல் சேர்ந்தேன். அப்போது பாப்பா தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. தொட்டிலோடு கொண்டுவரலாம் என்று பெரிய சிஸ்டர் சொன்னார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கொடுத்தது ரோஜாக் குடும்பம். பத்துப் பெண்பிள்ளைகள், அவர்களுக்கு நான் இல்லத்தாய். பெயர்தான் தாய். அம்மா என்று கூப்பிட விடக் கூடாது, அக்காதான். எல்லோருக்கும் ஒரே சோப்பு, ஒரே கலர் ரிப்பன். உன் வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாதே, போன் நம்பர் கொடுக்காதே, வீட்டுக்குக் கூட்டிப் போகாதே. மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்து பயிற்சி கொடுத்தார். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு என்னை நடுவில் நிற்கவைத்து, இதுதான் உங்கள் எல்லை என்றார். அவர் வண்டி ஏறினதும் பிள்ளைகள் அந்த வட்டத்தில் பாண்டி ஆடினார்கள்.

அந்தப் பயிற்சியில் நான்தான் நன்றாகப் பதில் சொன்னேன், தெரியுமா? ஒரு பிள்ளை வந்து என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அந்த மேடம் கேட்டார். நான் எழுந்து நின்று, முடியாததை முடியாது என்று அன்பாகச் சொல்வேன், பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கான்வென்ட் பிள்ளைக்குப் பதில் ஒப்பிக்கச் சொல்லியா தர வேண்டும்?

பேச்சியம்மாள் ஏழாம் வகுப்பு. வயதுக்குச் சிறுத்த உடம்பு. அவள் அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள், முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்து பார்த்தாள், அப்புறம் அதுவும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பேச்சி தொட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். பாப்பா அழுதால் நாக்கைச் சொடுக்குவாள், மாடு ஓட்டுகிறவர்கள் மாதிரி. அவ்வளவுதான், பாப்பா கப்சிப். எனக்கு அந்த வித்தை வரவே இல்லை, எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாள்.

நான் அவளிடம் வேலை வாங்கினேன் என்று பேச்சு. ஒரு நாள்கூட இதைச் செய் என்று சொன்னதில்லை, சிஸ்டர். பாப்பா துணியை அவளாக எடுத்து அலசுவாள். ராத்திரி பாப்பா முழித்தால் எனக்கு முன்னால் அவள் எழுந்துவிடுவாள். பாதித் தூக்கத்தில் பார்ப்பேன், தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். மற்ற குடும்பத்து இல்லத்தாய்கள், விண்ணரசிக்குச் சம்பளம் இல்லாத ஆயா கிடைத்திருக்கிறது என்று என் காதுபடவே பேசினார்கள். வயிற்றெரிச்சல். அவர்கள் பத்துப் பிள்ளை வைத்திருந்தும் ஒன்றுகூட அப்படி ஒட்டவில்லையே.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். அந்த ஒரு ராத்திரிதான் எனக்கு என் வீடு. பாப்பாவின் அப்பா லியோன் தோணியில் மிஷின் பார்க்கிறவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நீங்கள் வரும்போதே பார்த்திருப்பீர்கள், தெருவிலேயே கடைசி வீடு, அப்புறம் உப்பளம். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் இல்லத்து விளக்கு தெரியும். காற்றடித்தால் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும். எனக்குப் பயம், சிஸ்டர். கல்யாணத்துக்கு முன்னால் நான் தனியாகப் படுத்ததே கிடையாது. இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்பாள், போனால் அண்ணி முகம் சுருங்கும். பேச்சியிடம் சொன்னேன். தலை பின்னிவிடும்போது சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவள் ஜடையை என் கையிலிருந்து உருவிக்கொண்டு திரும்பிப் பார்த்து, "நான் வந்து படுத்துக்கிடட்டாக்கா? எனக்குப் பயமே கெடையாது" என்றாள்.

நானா கேட்டேன்? அவள்தான் கேட்டாள்.

பேச்சிக்குப் பல்வலி, டவுனில் டாக்டரிடம் காட்டிவிட்டு, நேரமாகிவிட்டால் என் வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்று பெரிய சிஸ்டரிடம் அனுமதி வாங்கினேன். ஒரு சனிக்கிழமைக்குத்தான் வாங்கினேன். ஆனால் பல் என்றால் ஒரு தடவையில் தீருமா? வேர் வரைக்கும் போயிருக்கிறது, இன்னும் வரச் சொல்லியிருக்கிறார் என்று அடுத்த வாரமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதற்கடுத்த வாரமும். சனிக்கிழமை மத்தியானமே பேச்சி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வரும். ஒரு தடவை நானே நம்பிப்போய், வாயைத் திற பார்ப்போம் என்றேன். அவ்வளவு சாமர்த்தியம்.

என் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பாறை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கண்டிப்பாக நடுத்துண்டு அவளுக்குத்தான். சாப்பிட்ட பாத்திரத்தை அவளே எடுத்துப்போய்த் தேய்த்துவிடுவாள், வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். பாயில் பாப்பாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அந்த ராத்திரிகளில்தான் நான் விடிய விடியத் தூங்கினேன். பாப்பா அழுததுகூடக் காதில் விழாது.

அங்கேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அந்த வார்த்தை. லைட்டை அணைத்த பிறகு, பாப்பா வளர்ந்தால் என்னை என்னவென்று கூப்பிடும் என்று கேட்டாள். அக்கா என்றுதான் கூப்பிடும், நீதானே என் மூத்த பிள்ளை என்றேன். பத்தாவது முடித்துவிட்டு இங்கேயே வந்துவிடு என்றேன். தூக்கக் கலக்கம். பிள்ளைகளிடம் நாம் எத்தனையோ சொல்கிறோம், எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தா சொல்கிறோம்? தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், "பத்தாவதுக்கு இன்னும் மூணு வருசம் இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எதனால் பிடிபட்டோம் தெரியுமா? யாரோ ஒரு புண்ணியவான், மகன் பிறந்தநாளுக்குப் பிரியாணி போடாமல் பிள்ளைகளுக்குப் பல் டாக்டரை அழைத்து வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். பேச்சி வாயைப் பார்த்த டாக்டர், இந்த இல்லத்திலேயே இவளுக்குத்தான் பல் நன்றாக இருக்கிறது, ஒரு சொத்தை கிடையாது, என்ன பேஸ்ட் போடுகிறாய் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை.

ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி முந்திக்கொண்டாள். நான்தான் பொய் சொன்னேன், வலிக்கிற மாதிரி நடித்தேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். பிள்ளையே அப்படிச் சொன்ன பிறகு நான் இடையில் புகுந்து என்ன சொல்வது? இல்லை என்றால் அவள் சிஸ்டர் முன்னாலேயே பொய் சொன்னதாக ஆகிவிடும். அவளைப் பொய்க்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை. சும்மா நின்றேன்.

பெரிய சிஸ்டர் அவளைத் திட்டவில்லை. வெளியே அனுப்பிவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, "அந்தப் பிள்ளை ரெண்டு குழந்தைகளை வளர்த்துக்கிட்டு இருக்கு, விண்ணரசி" என்றார். பாப்பா ஒன்றுதானே சிஸ்டர் என்றேன். எதையாவது சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்வது அவருக்குப் பழக்கம்.

என்னை மல்லிகைக் குடும்பத்துக்கு மாற்றினார். பேச்சியோடு தனியாக இருக்கக் கூடாது, ஆனால் மாற்றின காரணத்தை அவளை உட்காரவைத்து நீயே சொல்ல வேண்டும், நானும் கூட இருக்கிறேன் என்றார். எனக்கு ரோஷம். பாசம் வைத்ததற்குத் தண்டனையா? அந்த வாரமே வேலையை விட்டேன். பிள்ளைகள் படிப்பு நேரத்தில் இருக்கும்போது தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் சொன்னால் அழுவாள். அவள் அழுதால் நானும் அழுவேன். மற்ற பிள்ளைகள் பார்க்கும். எதற்கு அதெல்லாம்?

எனக்கும் நடந்திருக்கிறது சிஸ்டர், அதனால்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் சிஸ்டர் பெனிக்னா என்று ஒருத்தர் எங்களுக்கு. சாப்பாட்டு நேரத்தில் என்னை மட்டும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். நார்த்தங்காய் ஊறுகாயை டிபன் மூடியில் வைத்துத் தருவார். மே லீவு முடிந்து ஜூனில் போனால் அந்த மேசையில் வேறு ஒரு சிஸ்டர். மாற்றலாகிப் போய்விட்டாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செத்தா போனேன்? கொஞ்ச நாள் கேட் பக்கத்தில் நின்றேன். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது, போய்விட்டது. அந்த ஊறுகாய் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, அது வேறு விஷயம். பிள்ளைகள் மறந்துவிடும், சிஸ்டர்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். தவக்காலம் தொடங்கியிருந்தது, லியோன் கடலில். முதல் நாள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடியும். அப்புறம் ஒரு நாள், வருவது வரட்டும் என்று பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். துவைக்கிற கல்லின் மேல், சுவரோடு சுவராகப் பேச்சி. முட்டிவரைக்கும் உப்பு. இருட்டில் உப்பளத்து வரப்பு வழியாகவே வந்திருக்கிறாள், பாதம் வெடித்து ரத்தம் கசிகிறது. கதவைத் தட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"பாப்பா அழுதுச்சு. நீங்க தூங்கட்டும்னு இங்கேருந்தே அமத்துனேன்" என்றாள்.

அந்த நேரமே இல்லத்துக்குப் போன் போட்டிருக்க வேண்டும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்டிருந்தால் பிள்ளைக்குத்தானே திட்டு விழும்? உள்ளே கூட்டிவந்து காலைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால், இல்லத்தில் முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேருகிற மாதிரி எழுப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் அவள் வந்த ராத்திரியெல்லாம் அப்படித்தான், ஒரு நாள்கூட மணியைத் தவறவிட்டதில்லை. அந்த ஒழுங்கு எனக்கு உண்டு. தனியாகத்தான் போனாள். தூங்குகிற பாப்பாவை விட்டுவிட்டு நான் எப்படி வரப்பில் நடப்பது? டார்ச் கொடுத்தேனே.

லியோன் வரப்போகிறார் என்று தெரிந்ததும், இனிமேல் வராதே என்று சொல்லித்தான் அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாப்பாவுக்கு அப்போது சளி. மருந்து கொடுக்க அக்கா முழிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். கதவைத் திறந்தது அவர். காலெல்லாம் உப்போடு ஒரு பிள்ளை. யாரும்மா நீ என்று கேட்டார்.

"நான் மூத்தவ" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை விடுங்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் சட்டையைப் போர்த்தி, மோட்டார் சைக்கிளில் ரோட்டு வழியாக இல்லத்துக்குக் கூட்டிப்போய், வாட்ச்மேனை எழுப்பி, பெரிய சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவே இல்லை. திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "சேத்துக்கிடுறதுன்னா முறைப்படி கேட்டுச் சேத்துக்கிடுவோம். இல்லன்னா இல்லன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நடுவுல நிறுத்தி வச்சு வதைக்காத" என்றார். கடலிலேயே கிடக்கிறவர், மனம் இளகாது. பாசம் வைப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு. அவர் அம்மா என்ன சொல்லுவார்கள், வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொல்லுவார், நாளைக்கு அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுப்பது யார்? இதெல்லாம் யோசிக்காமல் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறார். மறுபடி தோணி ஏறப்போகிற அன்றைக்கு, போய்ச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஆச்சு என்றேன். கடலுக்குப் போகிற மனுஷனைக் கவலையோடு அனுப்பக் கூடாதில்லையா.

நீங்கள் சொல்வதெல்லாம் காதில் விழுகிறது, சிஸ்டர். பேச்சி சாப்பிடுவதில்லை. துணியைப் பையில் கட்டிவைத்துக்கொண்டு கேட் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வரமாட்டாள் என்று யார் சொன்னாலும், அக்கா சொல்லட்டும் என்கிறாள். ஒன்று செய்யுங்களேன். நான் ஊரிலேயே இல்லை, மாலத்தீவுக்கே போய்விட்டேன், வீடு பூட்டிக்கிடக்கிறது என்று சொல்லிவிடுங்களேன். அவள் நல்லதுக்குத்தானே? நீங்களும் பெரிய சிஸ்டர் மாதிரியே முடியாது என்று தலையை ஆட்டுகிறீர்கள்.

இல்லை, போலீஸ் என்று நான் பயப்படவில்லை. வராது என்றுதான் சொல்லிவிட்டீர்களே. அவள் உன்னைத் திட்டமாட்டாள், பயப்படாதே என்கிறீர்கள். அதுதான் சிஸ்டர். திட்டுவாள் என்றால் எப்போதோ வந்திருப்பேன். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டதா என்று கேட்பாள். ராத்திரி தூங்குகிறீர்களா அக்கா என்று கேட்பாள். அதற்கு நின்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம் உன்னைக் கூட்டிக்கொள்ளப் போவதில்லை என்றும் சொல்ல வேண்டும்.

சரி. சொல்கிறேன். நீங்கள் சொல்வதுதான் சரி. அவளும் எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருப்பாள், பாவம். நீங்கள் முன்னால் போங்கள். பாப்பா நனைத்துவிட்டாள், துணி மாற்றிவிட்டுத் தலையை ஒதுக்கிக்கொண்டு இதோ பின்னாலேயே வருகிறேன். நிச்சயமாக, சிஸ்டர். அக்கா வருகிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள். சந்தோஷப்படுவாள். படி உயரம், பார்த்து இறங்குங்கள்.

வா பாப்பா, வா கண்ணு. அழக் கூடாது. உன்னைத்தான். வாயைத் தொறக்காத, என் தங்கம்.

கதவிடுக்குல பாரு, சிஸ்டர் பேச்சிக்கிட்ட சொல்லிட்டாங்க போல இருக்கு. இறங்குறா. பையோடதான் இறங்குறா. ஆட்டோக்காரர் வாங்குறதுக்குக் கை நீட்டுறார், குடுக்க மாட்டேங்குறா. பாவாடையத் தட்டி விட்டுக்கிடுறா பாரு, முடிய ஒதுக்குறா. இங்கதான் பாக்குறா. கிட்ட வர மாட்டா, கூப்பிட்டாத்தான் வருவா, அவ்வளவு அடக்கம். மெலிஞ்சுதான் போயிருக்கா.

லைட்டு எரியட்டும். எரிஞ்சாத்தான் வாறோம்னு நெனப்பாங்க. கொஞ்ச நேரம் நிப்பாங்க. ஆட்டோக்காரருக்கு வேற சவாரி இருக்கும், சத்தம் போடுவார், ஏறிருவாங்க. அதுவரைக்கும் நீ அழாம இருந்தாப் போதும். அம்மா இங்கதான இருக்கேன்.

இரு, தோளப் பிடிச்சுக்க. கீழ்த் தாழ்ப்பாளச் சத்தம் இல்லாமப் போட்டுறலாம். மேல்தாழ்ப்பாள்தான் துரு. கதவ ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளணும். மெதுவா. மெதுவா.

ம். விழுந்துருச்சு.